கப்பல் சுவரில் இருந்த அலுமினிய மீன்கள்: இதுவரை ஆன வேலை

குஜராத்தில் பாவ்நகரைத் தாண்டி டிராபஜிலிருந்து, பழைய கப்பல்களை உடைக்கும் அலங் கடற்கரைக்குப் போகும் சாலையில், இரண்டு பக்கமும் உடைத்த கப்பல்களின் சாமான் கடைகள்தான். மெத்தை, பீங்கான் தட்டு, இரும்புக் கதவு, லைஃப் ஜாக்கெட், எல்லாம் வாசலிலேயே குவிந்து கிடக்கும். படம், சிற்பம் மாதிரியான அலங்காரப் பொருள்கள் கடைக்குப் பின்னால், பழைய இரும்போடு இரும்பாகச் சாத்தி வைத்திருப்பார்கள். நான் இப்போது சுத்தம் செய்துகொண்டிருக்கும், மீன்கள் புடைத்த இந்த அலுமினியத் தகடும் அப்படித்தான் கிடைத்தது. எடைக்கு எடை தருகிறேன் என்ற கடைக்காரர், நான் குனிந்து மீன்களை உற்றுப் பார்ப்பதைக் கண்டதும் 'ஷோ பீஸ்' விலைக்கு ஏறிவிட்டார். "அன்னா, யே ஃபிரான்ஸ் கா மால் ஹை" (அண்ணா, இது ஃபிரான்ஸ் சரக்கு) என்று ஒரு சான்றிதழும் வாயாலேயே கொடுத்தார்.

அவர் சொன்னது ஃபிரான்ஸ் நாட்டில் கட்டிய 'ஃபிரான்ஸ்' என்ற பயணிகள் கப்பலை. 1962-இல் முதல் பயணம் போனது, நீளம் சுமார் 316 மீட்டர். பிறகு 'நார்வே' என்று பெயர் மாறி உல்லாசக் கப்பலாக ஓடி, கடைசியில் 'ப்ளூ லேடி' என்ற பெயரில் 2006-இல் அலங் கரைக்கு வந்தது. உள்ளே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் (தூசியாகி நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்) காரணமாக வழக்கு நடந்து, உடைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் அனுமதி கொடுத்தது. அதன் மூக்கு நுனியை மட்டும் வெட்டி எடுத்துப் போய் 2009-இல் பாரிஸில் ஏலம் விட்டார்கள். இரண்டரை லட்சம் யூரோவுக்கு மேல் போனது. அந்தப் பெயரைச் சொன்னால் விலை ஏன் ஏறுகிறது என்று புரிகிறதல்லவா? அதனால்தான் பெயரை நம்பாமல் பொருளை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

பொருள் இதுதான்: சுமார் நான்கு அடிக்கு மூன்று அடி, ஒன்றரை மில்லிமீட்டர் கனம். நாலரை கிலோதான், ஒரு ஆளே தூக்கிவிடலாம். மீன்கள், கடற்பாசி, மேலே ஒரு பாதிச் சூரியன். மீன்களைப் பின்னாலிருந்து தட்டிப் புடைக்க வைத்திருக்கிறார்கள். செதில்கள் ஒவ்வொன்றும் தனித்தனி உளி அடி. வால் பக்கம் வரவர அடி நெருக்கமாகிறது. ஆனடைஸ் செய்த (மின்சாரத்தால் மேலே ஆக்ஸைடு படலம் வளர்த்துச் சாயம் ஏற்றிய) தங்க நிறம், பின்னணி கறுப்பு. கையெழுத்து எங்கும் இல்லை.

ஓவியம் வரையாமல் ஏன் அலுமினியம்? தீ பயம். 1933-இல் 'லா அட்லாண்டிக்', 1934-இல் 'மோரோ காஸில்', 1942-இல் நியூயார்க் துறைமுகத்திலேயே 'நார்மண்டி' என்று பெரிய கப்பல்கள் அடுத்தடுத்து எரிந்தன. அதற்கப்புறம் வந்த கப்பல்களில் மரத்தை முடிந்தவரை ஒதுக்கினார்கள். 1952-இல் ஓடத் தொடங்கிய 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' கப்பலில் மரம் என்றால் பியானோவும் கறிவெட்டும் கட்டையும்தான் என்று சொல்வார்கள். அதன் உணவுக்கூடத்தில் சிற்பி க்வென் லக்ஸ் செய்த சிற்பம்கூட அலுமினியமே. எனக்கென்னவோ இந்தக் கட்டாயத்தால் கலைக்கு நல்லதுதான் நடந்தது என்று தோன்றுகிறது. எண்ணெய் ஓவியமாக இருந்தால் குஜராத் கடற்காற்றில் இத்தனை காலம் தாங்கியிருக்காது.

வேலைக்கு வருவோம். இப்படிப்பட்ட கப்பல் தகட்டைச் சுத்தம் செய்ய நினைப்பவர்கள் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்தக் காலத்துத் தடுப்புப் பலகைகளில் ஆஸ்பெஸ்டாஸ் சகஜம். பலகை ஒட்டியபடியே இருந்த தகடுகளை நான் தொடவே இல்லை, வெறும் தகடாக இருந்ததைத்தான் எடுத்தேன். அதிலும் ஒரு மூலையில் சாம்பல் நிறத் துணுக்கு ஒட்டியிருந்தது. ஈரத் துணியால் மூடி, பையில் கட்டி, துணுக்கை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வெறும் பழைய பசை என்று ரிப்போர்ட் வரும்வரை தகட்டில் கை வைக்கவில்லை. உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது.

முன்பக்கத்தில் இருந்த பழுப்புப் படலம் சிகரெட் புகை. எத்தனை பேர் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து ஊதித் தள்ளினார்களோ! "புளி போட்டு ஒரு தேய் தேய்டா, பளபளன்னு ஆயிடும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். இது பித்தளைக் குத்துவிளக்கு இல்லை. தங்க நிறம் இருப்பது மைக்ரான் கணக்கில் உள்ள ஆக்ஸைடு படலத்துக்குள். பாத்திரப் பொடி அதைக் கீறிவிடும், காரமான சோடா அரித்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் மிதமான சோப்பு, பஞ்சுக் குச்சி, அவ்வளவுதான். அதற்கும் அசையாத இடங்களில் எச்சில். சிரிக்க வேண்டாம், அருங்காட்சியகங்களிலேயே செய்வதுதான். எச்சிலில் உள்ள நொதிகள் அழுக்கை மெல்ல இளக்கும், பிறகு சுத்த நீரால் துடைத்துவிட வேண்டும். செதில் செதிலாகத் துடைக்கத் துடைக்க, கண்ணைச் சுற்றி மட்டும் தங்கத்தை எடுத்து வெள்ளியாக விட்டிருப்பது தெரிந்தது. புகைக்கு அடியில் இருந்ததால் அதுவரை கண்ணில் படவே இல்லை.

ஓரத் துளைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. எஃகுத் திருகும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். மூங்கில் குச்சியால் பொடியை எடுத்துவிட்டு மெழுகு பூசினேன்.

பின்னால் பற்றவைத்த ஸ்டட்களில் (தலையில்லாத திருகுகளில்) மரை அளவி வைத்துப் பார்த்தேன்: எம்4, அதாவது 4 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 0.7 மில்லிமீட்டர். மில்லிமீட்டர் கணக்கில் செய்தது, மெட்ரிக். அப்போதைய பிரிட்டிஷ், அமெரிக்கக் கட்டுமானத்தில் அங்குல மரைதான் வழக்கம். ஃபிரான்ஸ் நாட்டில் மெட்ரிக்தான் என்பதால் கடைக்காரருக்கு இது சாதகம்தான். ஆனால் இத்தாலி, ஜெர்மனிக் கப்பல்களும் மெட்ரிக்தானே.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தகடு செவ்வகம் இல்லை. மூலைவிட்டங்களுக்கிடையே ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். பக்கங்கள் நேர், மேல் கீழ் ஓரங்கள் மட்டும் சரிவு. வெட்டியவர் கை பிசகவில்லை. பழைய கப்பல்களில் தளம் முன்னும் பின்னும் மெதுவாக மேலேறும், ஓரம் அந்தத் தளத்தோடு போகிறது. மீன்கள் மட்டத்தில்தான் நீந்துகின்றன. அப்படியானால் இது கப்பலின் நடுப்பகுதியில் இருந்ததல்ல, ஏதோ ஒரு முனைக்குப் பக்கத்தில்.

சட்டம் கட்டும் ஆசாரி ஓரத்தைச் சதுரமாக வெட்டிவிடலாம் என்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். சட்டத்தையே சரிவாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன், திருகுகளுக்கு நைலான் வாஷர். பின்னால் ஒட்டும் சீட்டில் 'அலங், கப்பல் பெயர் தெரியாது, மெட்ரிக் மரை' என்று மட்டும் எழுதப் போகிறேன்.