பதினொரு மணிப் பசியாறல்

மாதத்தில் ஒரு ஞாயிறு, தோழிகள் நான்கு பேரும் சேர்ந்து சென்னையில் ஏதாவது ஒரு பெரிய ஓட்டலுக்கு பிரஞ்ச் (காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கிய சாப்பாடு) சாப்பிடப் போவோம். எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அது. பதினொரு மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணி வரை யாரும் எழுப்ப மாட்டார்கள். ஒரு பக்கம் நெய்யில் மிதக்கும் குட்டி இட்லி, இன்னொரு பக்கம் ஆப்பம் சுடும் மாஸ்டர், அப்புறம் சாட், கேரளத்து மீன் மொய்லி, பஞ்சாபி சோலே. அவசரமே இல்லாமல் பேசிப் பேசிச் சாப்பிடலாம்.

போன முறை ஒரு பாத்திரத்தின் முன்னால் 'கீழக்கரை இடியாப்பம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். எங்களில் ஒருத்திக்குச் சொந்த ஊரே ராமநாதபுரத்துப் பக்கம் கடலோரம் இருக்கும் அந்தக் கீழக்கரை. ஆசையாகப் போட்டுக்கொண்டு வந்தாள். வெகுநேரம் சூட்டு விளக்கின் கீழே இருந்ததில் இழையெல்லாம் காய்ந்து விறைத்திருந்தது. ஒரு வாய் சாப்பிட்டவள் தட்டை மெல்ல ஒதுக்கிவிட்டு, "பங்குனி முடியறதுக்குள்ள எங்க உம்மா கையால பசியாற வாங்கடி" என்றாள். உம்மா என்றால் அம்மா. மற்ற இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. வெள்ளி இரவு நானும் அவளும் ரயில் ஏறினோம்.

விடிந்தபோது ராமநாதபுரம். தோழியின் காக்கா கார் கொண்டு வந்திருந்தார் (அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்). ஊரைத் தாண்டியதும் மிளகாய் வாசம். களங்களில் முண்டு மிளகாயைக் கொட்டிக் காய வைத்திருந்தார்கள். நீளமான சம்பா மிளகாய் மாதிரி இல்லை இது. கோலிக்குண்டு போல உருண்டு, தோல் தடித்து, கறுஞ்சிவப்பாக இருக்கும். மானாவாரி வெள்ளாமை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். கைக்குட்டையால் மூக்கை மூடிய என்னைப் பார்த்து, "நாளைக்கு நண்டுல இதே மிளகாயத்தான் சாப்பிடப் போறீங்க" என்றார் காக்கா.

திருப்புல்லாணிக்கு முன்னால் பனைமரங்களின் அடியில் ஒரு பெரியவர் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். பனையோலையை மடித்து, நாரால் முடிந்து, ஒரு பட்டை செய்து கையில் கொடுத்தார். இரண்டு கையாலும் ஏந்தினால்தான் சிந்தாது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். முதல் மடக்கில் ஓலை வாசம், அடுத்ததில் இனிப்பு, தொண்டைக்குள் இறங்கியபிறகு சுண்ணாம்பின் லேசான காறல். அடியில் மீந்த கடைசி வாய்தான் இன்னும் நாக்கில் இருக்கிறது. வெயில் ஏறினால் ருசி மாறிவிடும் என்று பெரியவர் அவசரப்படுத்தியதால் இரண்டாவது பட்டையும் குடித்தேன். திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் பாயசம் பேர் போனது. தசரதனுக்குக் கிடைத்த பாயசத்தின் நினைவு அது என்பார்கள். எங்களுக்கோ வயிற்றில் இடம் வைத்திருக்க வேண்டிய நாள். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

கீழக்கரையில் சந்து சந்தாகத் தெருக்கள். உயர்ந்த மதில்கள். எந்தச் சந்தில் திரும்பினாலும் கடைசியில் கடல் காற்று முகத்தில் அடிக்கிறது. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்கிறோமே, அந்த வள்ளல் வாழ்ந்த ஊர். பழைய ஜும்மா பள்ளியின் கல் தூண்களை வெளியில் நின்று பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கோயில் மண்டபம் என்றே தோன்றும். நம் ஊர்க் கல்தச்சர்களின் கைவேலை.

தோழியின் உம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கம்மா, பசியாறலாம்" என்றார். டிபன் என்றோ பலகாரம் என்றோ அந்த வீட்டில் யாரும் சொல்லிக் கேட்கவில்லை. காலையில் உண்பது பசியாறல். கேட்கும்போதே பாதி வயிறு நிறைந்துவிட்டது.

உள்கட்டில் பாய் விரித்து, நடுவில் பெரிய தட்டு ஒன்றை வைத்தார்கள். அதுதான் சஹன். கல்யாண விருந்துக்கு எடுக்கும் தட்டு. விருந்தாளி வந்திருப்பதால் பரணிலிருந்து இறக்கினார்களாம். உம்மா, தோழி, அவள் லாத்தா (அக்கா), நான் என்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தோம். நடுவில் இடியாப்பம் அடுக்கி, மேலே கறி ஆணம் ஊற்றினார் லாத்தா. குழம்பைத்தான் ஆணம் என்கிறார்கள். ஆட்டுக்கறியை இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, இறக்கும் நேரத்தில் தலைப்பாலை ஊற்றியிருந்தார்கள். காரமே முன்னால் வரவில்லை. பட்டை, ஏலம், தேங்காய்ப்பால் மூன்றும் ஒன்றாக வந்தன.

சஹனில் சாப்பிட ஒரு முறை இருக்கிறது. அவரவர் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீளக் கூடாது. நடுவில் கிடக்கும் கறியை மூத்தவர் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமாக நகர்த்துவார். உம்மா பேசிக்கொண்டே இருந்தார். அவர் விரல்கள் மட்டும் தனியாக வேலை செய்தன. எலும்பில்லாத துண்டெல்லாம் என் பக்கம் வந்துகொண்டே இருந்தது. அவர் பக்கத்தில் எலும்பும் கொஞ்சம் ஆணமும்தான் மிச்சம். நான் ஒரு துண்டைத் திருப்பித் தள்ளப் பார்த்தேன். தோழி முழங்கையால் இடித்தாள். அப்புறம் பேசாமல் சாப்பிட்டேன். கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தொட்டுக்கொள்ள மாசிக் கருவாட்டுச் சம்பல், கடைசியில் வட்டலப்பம். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் கலந்து ஆவியில் வேக வைப்பது. இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் கப்பல் விட்ட ஊர் என்பது இந்தச் சாப்பாட்டிலேயே தெரிகிறது. இவர்கள் தொதல் என்று கிண்டும் அல்வாவுக்கு இந்தோனேசியாவில் தோதோல் என்று பெயர். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து வரும் வரை மணிக்கணக்கில் கிண்டுகிறார்கள். எழுந்திருக்கும்போது மணி ஒன்றரை. பதினொரு மணிக்கு உட்கார்ந்தோம். இங்கேயும் யாரும் எழுப்பவில்லை.

ஞாயிறு விடிகாலை நான்கரைக்கே காக்கா எழுப்பிவிட்டார். ராமேஸ்வரத்தில் மீன் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பாம்பன் சாலைப் பாலத்தில் வரும்போது இடப்பக்கம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. கீழே 1914-இல் கட்டிய பழைய ரயில் பாலம், அதன் பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகுமாம். நாங்கள் போன நேரம் அது அசையாமல் கிடந்தது.

பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் விசைப்படகின் நாட்கள் திங்கள், புதன், சனி. சனிக்கிழமை போனவர்கள் ஞாயிறு காலையில் கரை திரும்புகிறார்கள். துறைமுகத்தில் படகு அணையும்போதே கரையில் நிற்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பாடு எப்படி?" மீன் எவ்வளவு கிடைத்தது என்று அர்த்தம். அதற்கு முன்னால் பெண்கள் வாய்க்குள் படகுகளை எண்ணுகிறார்கள். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப்போகும் இரவுகள் உண்டு. எண்ணிக்கை சரியாக வந்தபிறகுதான் மீனைப் பற்றிப் பேச்சு.

காரல், கணவாய், நண்டு, இறால் என்று கூடை கூடையாக இறங்கி, ஏலம் முடிந்து, வலையை அலசிப் போட்டு அவர்கள் நிமிர்ந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. துறைக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் ஓர் அக்கா கடை போட்டிருக்கிறார். இரண்டு பெஞ்சு, ஒரு விறகடுப்பு. இட்லியும் சுடுசோறும் எப்போதும் உண்டு. குழம்பு மட்டும் அன்றன்றைக்குப் படகில் வந்ததுதான். அன்றைக்கு நண்டு. முண்டு மிளகாயை வறுத்து, அம்மியில் அரைத்து, சின்ன வெங்காயம் வதக்கிய சட்டியில் நண்டை உடைத்துப் போட்டார். தண்ணீர் ஊற்றவே இல்லை. நண்டு விட்ட தண்ணீரிலேயே வெந்தது. அந்த மிளகாய் நிறத்தைக் கொடுத்துவிட்டுக் காரத்தை மெதுவாகத்தான் காட்டுகிறது.

எதிர் பெஞ்சில் நான்கு பேர். கண்ணெல்லாம் சிவந்து, கைலியில் உப்புப் படிந்திருந்தது. "தூங்கலையாண்ணே?" என்றேன்.

"ராத்திரி மடிவலை இழுத்தா தூக்கம் ஏதும்மா? சாப்பிட்டுட்டுப் போய்ப் படுத்தா சாயங்காலந்தான்."

பிரஞ்ச் என்ற சொல் 1895-இல் ஓர் ஆங்கிலேயர் எழுதியதிலிருந்து வந்தது. சனிக்கிழமை இரவு வெகுநேரம் விழித்திருந்தவர்கள் ஞாயிறு சீக்கிரம் எழ வேண்டாமே, நண்பகல் வாக்கில் நிதானமாகச் சாப்பிடலாமே என்று அவர் எழுதினார். அவர் நினைத்தது கேளிக்கையில் கண்விழித்தவர்களை. இந்த நால்வரும் சனிக்கிழமை இரவு கண்விழித்தவர்கள்தான். அவர்கள் சோற்றில் நண்டுச் சாற்றைப் பிசைந்து சாப்பிட்ட நிதானத்தை எந்த ஓட்டலிலும் நான் பார்த்ததில்லை. ஒருவர் கொடுக்கைக் கடித்து உடைத்து, சதையை முழுசாக உருவி, பக்கத்தில் இருந்த பையனின் தட்டில் வைத்தார். பையனுக்கு அது முதல் வருடக் கடல் தொழிலாம்.

ஏப்ரல் 15 வந்தால் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகு கரையில்தான். அப்போது கடை உண்டா என்று கேட்டேன். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் சாப்பிட இத்தனை பேர் வர மாட்டார்கள் என்றார் அக்கா. பெஞ்சைத் துடைத்துக்கொண்டே சொன்னார், முகத்தைப் பார்க்கவில்லை.

உம்மா கட்டிக் கொடுத்த தொதல் பொட்டலம் பையில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி அக்காவிடம் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, "கீழக்கரையா?" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

திங்கள் இரவுக்குத்தான் எங்களுக்கு ரயில். "நாளைக்கும் வரேன்க்கா" என்றேன்.

"நாளைக்கு வராதம்மா, நாளைக்குப் படகு கடலுக்குப் போற நாளு. செவ்வாக்கிழமை வா."