எட்டில் மூன்று: கடலில் விழுந்த மோதிரம் தேடிப் பார்த்த அனுபவம்

இதுவரை எட்டுப் பேர் கேட்டிருக்கிறார்கள். மூன்று மோதிரம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். முதலில் கேட்டவளுடையதே இன்னும் கடலுக்குள்தான் கிடக்கிறது. அவள் என் மச்சாள். அதாவது வாரம் ஒருமுறையாவது முகத்தில் விழித்தாக வேண்டியவள்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த நாள் எல்லாரும் மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரைக்குப் போயிருந்தோம். மகனின் காலில் ஒட்டிய மண்ணைக் கழுவ மச்சாள் குனிந்தாள், ஒரு அலை வந்து இழுத்தது, கையைப் பார்த்தாள், மோதிரம் இல்லை. அரைப் பவுண், கலியாண மோதிரம். அன்றைக்கே மேசனிடம் மண் அரிக்கும் அரிதட்டை இரவல் வாங்கி இருட்டும்வரை அரித்தோம். அடுத்த இரண்டு நாளும் அரித்தோம். சிப்பியும் சோடா மூடியும்தான் வந்தன.

எனக்குப் போனும் றேடியோவும் திருத்துகிற கடை. உலோகம் காட்டும் கருவி ஒன்றைக் கட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியதற்கு மச்சாள்மேல் இருந்த பாசம் பாதி, கை அரிப்பு மீதி.

இந்தக் கருவிகளில் பெரும்பாலும் இரண்டு இனம். ஒன்று, விடாமல் அலையை அனுப்பிக்கொண்டே கேட்கும். கீழே கிடப்பது இரும்பா வேறு உலோகமா என்று ஓரளவு பிரித்தும் சொல்லும். ஆனால் உப்புத் தண்ணீரில் நனைந்த மண்ணே மின்சாரம் கடத்துவதால் கடலோரத்தில் அது சும்மாவே கத்தும். ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் வேலை செய்து அதைச் சமாளிக்கும் கம்பனிக் கருவிகள் இருக்கின்றன; அவற்றின் விலை என் கடையின் சில மாத வருமானம். இரண்டாவது இனம் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, சட்டென்று நிறுத்தி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்பது. உப்புத் தண்ணீரின் எதிரொலி ஏறத்தாழ 10 மைக்ரோ செக்கனுக்குள் செத்துவிடும். மோதிரத்தின் எதிரொலி அதைவிடக் கொஞ்சம் நீளும். ஆகவே 12 மைக்ரோ செக்கன் பொறுத்துவிட்டுக் காதைத் திறந்தால் கடல் பேசாது, மோதிரம் பேசும். பொறுக்கும் நேரத்தை அதிகம் கூட்டினால் மெல்லிய மோதிரமும் பேசாமல் போய்விடும். இதில் பெரிய குறை, இரும்புக்கும் தங்கத்துக்கும் ஒரே சத்தம். பரவாயில்லை, கிண்டுவதற்குக் கை இருக்கிறது என்று இதையே கட்டினேன்.

சேர்கிட்டில் புதுமை ஒன்றும் இல்லை. 555 ஐசி ஒன்று, துடிப்பை அனுப்பும் கம்பிச் சுருளான கொயிலுக்கு மின்சாரத்தைத் திறந்து மூட ஐஆர்எஃப்740, சத்தத்தைப் பெருக்க என்ஈ5534. இவை பலரும் கட்டிப் பார்த்தவை. என்னை அழவைத்தது கொயில்தான்.

மோட்டர் கட்டும் கடையில் 0.5 மில்லிமீற்றர் எனாமல் கம்பி வாங்கி, 20 சென்றிமீற்றர் விட்டத்தில் 25 சுற்று சுற்றினேன். ஏறத்தாழ 16 மீற்றர் கம்பி போனது. கடை மேசையில் வைத்துப் பார்த்தபோது மனைவியின் மோதிரத்தை 18 சென்றிமீற்றரில் பிடித்தது. சந்தோசத்தில் அன்றைக்குக் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டேன். கடற்கரைக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு அலை தொடும்போதும் கத்தியது. கொயிலுக்கு மேல் கவசம் வேண்டுமாம். சரி என்று சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளைக் கொயிலைச் சுற்றி முழு வட்டமாக ஒட்டினேன். கருவி இப்போது ஓயாமல் கத்தியது, ஏனென்றால் நானே அதன் தலையில் ஒரு பெரிய மோதிரத்தைப் போட்டுவிட்டேன்! வட்டம் முட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட வேண்டும். இது எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது, நான்தான் வாசிக்கவில்லை. தாளை உரித்துவிட்டு, பென்சில் கரியைப் பசையில் குழைத்துப் பூசி, இடைவெளியும் விட்டேன். அமைதியானது.

அப்புறம் கொயில் மிதந்தது. பிவிசி வளையத்துக்குள் காற்று இருந்தால் மிதக்கத்தானே செய்யும். முழங்கால் தண்ணீரில் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பது, திமிருகிற ஆட்டுக்குட்டியைக் குளிப்பாட்டுவது மாதிரி. எபொக்சியும் கழுவிக் காயவைத்த வெள்ளை மணலும் கலந்து நிரப்பினேன். இப்போது தாழ்கிறது, ஆனால் பாரம். ஒரு மணித்தியாலத்தில் தோள் கழன்றுவிடும்.

இடையில் செய்த ஒரு நல்ல வேலை, பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கருவியைக் காட்டிச் சொன்னது. நமது நாட்டில் இப்படி ஒரு கருவியோடு யாரைக் கண்டாலும் புதையல் தோண்ட வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். அந்த நினைப்புக்குக் காரணமும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். அதனால் மோதிரத்தைத் தொலைத்தவர் பக்கத்தில் நிற்காமல் நான் கருவியைத் திறப்பதில்லை. பொத்துவில் கடற்கரையில் தொல்பொருள் இடம் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. இன்னொன்று, ஆழத்தில் பெரிய சத்தம் கேட்டால் கிண்டுவதில்லை. யுத்தம் நடந்த கரை இது. ரவைக் கோது இரண்டு மூன்று என் கையிலேயே வந்திருக்கிறது.

பயிற்சிக்கு மனைவியின் மோதிரத்தைத் தங்கூசி நூலில் கட்டி, நூலின் மறுமுனையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் புதைத்தேன். நனைந்த மண்ணில் 14 சென்றிமீற்றர்வரை கேட்கிறது. கிண்டியதை அரிக்கப் பிளாஸ்டிக் மீன் கூடை. உலோக அரிதட்டைக் கொயிலுக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியாது. முதல் மாதக் கணக்கு: சோடா மூடி 60க்கு மேல், வலை ஈயம் ஒரு சிரட்டை நிறைய, துருப்பிடித்த இரண்டு ரூபாய்க் குற்றிகள், ஒரு சாவிக்கொத்து. தங்கம் பூச்சியம்.

வெளிநாட்டுக்காரரின் யூரியூப் படங்களைப் பார்த்துப் பழகியதில் ஒரு பிழை நடந்தது. அங்கே கடல் வற்றியதும் நூற்றுக்கணக்கான மீற்றர் நிலம் வெளியே தெரிகிறது. அவர்கள் சப்பாத்தோடு நடந்து தேடுகிறார்கள். நமது கிழக்குக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரையே தொடாது. வற்றும், தேடலாம் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். தண்ணீரில் விழுந்ததைத் தண்ணீருக்குள் இறங்கித்தான் எடுக்க வேண்டும்.

முதல் மோதிரம் களுவாஞ்சிகுடிக் கடற்கரையில், காய்ந்த மண்ணில். பந்து விளையாடிய பையன் அது விழுந்த இடத்தில் செருப்பைக் குத்தி வைத்துவிட்டு வந்திருந்தான். பத்து நிமிடம். புத்திசாலிப் பையன். இன்னொன்று அறுகம்குடாவில், பாய் விரித்திருந்த இடத்துக்குக் கீழே. அதிலும் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது பாசிக்குடாதான்.

மருதமுனைத் தம்பி ஒருவர் போன் எடுத்தார். கலியாணம் முடிந்து மூன்று வாரம். குடும்பமாகப் பாசிக்குடாவுக்குக் குளிக்கப் போன இடத்தில் மனைவியின் மோதிரம் போய்விட்டது. பிள்ளைகளோடு தண்ணீர் அடித்து விளையாடும்போது கழன்றிருக்கிறது. பாசிக்குடா ஆழமில்லாத குடா, அலையும் கிடையாது, வெகுதூரம் நடந்து போகலாம். இதைவிட வசதியான இடம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

“இந்த இடம்தான் அண்ண, எனக்கு நல்லாத் தெரியும்” என்று தம்பி இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றார். மனைவியும் கரையிலிருந்து “இடுப்பளவுதான்” என்றார். பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் கயிறு கட்டி, ஒவ்வொரு வீச்சும் முந்திய வீச்சைப் பாதி மூடுகிற மாதிரி மூன்று மணித்தியாலம் நடந்தேன். ஒரு சோடா மூடி வந்தது. தம்பியின் உம்மா கரையில் நின்று, “காணாட்டிப் பரவாயில்ல மகன், வெயிலுக்குள்ள நிக்காதீங்க” என்றார். அது இன்னும் வேதனையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். மாமா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். கருவியைப் பற்றி அவருக்கு எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு. “அவங்க காட்டின இடத்தில தேடினியா? இடத்தை நீ பிடிக்கல்லையா?” என்று கேட்டார். தோணிக்காரர் கடலில் ஒரு பாரை, அதாவது தண்ணீருக்குள் கிடக்கும் பாறைத்திட்டைத் திரும்பக் கண்டுபிடிப்பது கரையைப் பார்த்துத்தான். ஒரு மரமும் ஒரு கோபுரமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும் கோடு ஒன்று. வேறு திசையில் அதேபோல இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் பார். இது எனக்குத் தெரியாத விடயமில்லை. மோதிரத்துக்குப் பொருந்தும் என்று தோன்றவில்லை.

தம்பியிடம் அன்றைக்கு எடுத்த போன் படங்கள் எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். 43 படம். 4.12க்கு எடுத்ததில் மோதிரம் விரலில் மின்னுகிறது. 4.31க்கு எடுத்ததில் விரல் வெறுமை. முதல் படத்தின் பின்னணியில் ஒரு படகு, அது அசையும், உதவாது. அதற்குப் பின்னால் கோணல் தென்னை ஒன்று, அதன் உச்சிக்கு நேர் பின்னே ஒரு தண்ணீர்த் தாங்கி. கோடு கிடைத்துவிட்டது! மற்றப் படம் பக்கவாட்டில். அதில் ஒரு கூரை முனையும் விளக்குக் கம்பமும்.

இரண்டாம் முறை போய், போனைக் கையில் வைத்துக்கொண்டு தென்னையும் தாங்கியும் ஒன்றாகும்வரை நடந்தேன். பிறகு அந்தக் கோட்டிலேயே கூரையும் கம்பமும் ஒன்றாகும்வரை நடந்தேன். தம்பி காட்டிய இடத்திலிருந்து 40 எட்டு வடக்கே வந்து நின்றேன். தண்ணீர் என் முழங்காலுக்குத்தான் இருந்தது.

“இடுப்பளவு என்றீங்களே?”

தம்பியின் மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். “நான் இருந்துகொண்டுதானே விளையாடினேன்.”

சின்னப் பிள்ளைகளோடு தண்ணீரில் உட்கார்ந்திருந்தவருக்கு அது இடுப்பளவுதான். அவர் பொய் சொல்லவில்லை. இதற்குப் பிறகு நான் யாரிடமும் எவ்வளவு ஆழம் என்று கேட்பதில்லை. நின்றீர்களா இருந்தீர்களா, எந்தக் கை, கையில் எண்ணெய் பூசியிருந்ததா, கடைசியாக மோதிரத்தைக் கண்டது எப்போது, அதற்குப் பிறகு யார் படம் எடுத்தார்கள் என்றுதான் கேட்கிறேன். இந்தக் கேள்விகளுக்கே அரை மணித்தியாலம் போகும். சிலருக்கு எரிச்சல் வரும். பாண்டிருப்பு அக்கா ஒருவருக்கு இந்தக் கேள்விகளிலேயே மோதிரம் கிடைத்துவிட்டது. எண்ணெய் பூச முன்பு கழற்றிப் பவுடர்ப் பைக்குள் போட்டிருக்கிறார். அதை என் கணக்கில் சேர்க்கவில்லை.

பாசிக்குடாவில் 25 நிமிடத்தில் சத்தம் வந்தது. மெல்லிய, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான சத்தம். கூடையை விட்டு அள்ளினேன்; மூன்றாவது அள்ளலில் முருகைக்கல் துண்டுகளுக்கு நடுவில் மோதிரம் இருந்தது. மண்ணுக்குள் ஏறத்தாழ 12 சென்றிமீற்றர் போயிருந்தது. தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு பாரம், மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். தண்ணீர் மணலை அசைக்க அசைக்க மோதிரம் கீழே இறங்கிக்கொண்டே போகும். சிப்பியோ முருகைக்கல்லோ இறுகிய தளம் வந்தால்தான் நிற்கும். தூரமாக உருண்டு போவதைவிட நேரே கீழே போவதுதான் அதிகம். அதாவது பாசிக்குடா மாதிரி அமைதியான தண்ணீரில்.

காசு வாங்குவதில்லை, போக்குவரத்துச் செலவு மட்டும். உம்மா விடவில்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரம் இரண்டு கொடுத்துவிட்டார். ஒன்று மாமாவுக்குப் போனது.

தோற்றவற்றையும் எழுத வேண்டும். திருக்கோவிலில் ஒரு அம்மாவின் சங்கிலி. மோதிரத்தைவிடப் பெரியது, சுகமாகக் கேட்கும் என்று நினைத்தேன். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கருவிக்குத் தனித்தனிச் சின்ன வளையம். மூன்று பவுண் சங்கிலி ஒரு மெல்லிய மோதிரத்தின் சத்தம்கூடப் போடாது. பதக்கம் இருந்திருந்தால் வாய்ப்பு இருந்தது. இருக்கவில்லை. ஒலுவிலில் இரண்டு வருடத்துக்கு முன் கரையில் விழுந்த மோதிரத்துக்குக் கூப்பிட்டார்கள். துறைமுகத்துக்கு வடக்கே கரையைக் கடல் தின்பது ஊரறிந்த விடயம். மோதிரம் விழுந்த கரையே இப்போது இல்லை. தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

கல்லடியில் இரண்டு. ஒன்று மச்சாளுடையது. அங்கே கரை சரிவு, அலை காலடியிலேயே உடைகிறது, மண் நாளுக்கு நாள் இடம் மாறுகிறது. அன்றைய படங்களைப் பார்த்து இடத்தைப் பிடித்துவிட்டேன், நான்கு மீற்றர் முன்பின் இருக்கலாம். ஆனால் சித்திரைக்குப் பிறகு கடல் அமைதியாகி மண்ணைக் கொண்டுவந்து கரையில் போடும் காலம். மோதிரத்துக்கு மேல் எவ்வளவு ஏறியிருக்குமோ, என் 14 சென்றிமீற்றர் எட்டாது. வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து மண்ணை இழுத்துக்கொண்டு போன பிறகு, மாசியில் போய்ப் பார்க்க வேண்டும். அப்போது கரையில் கறுப்பு மணல் கோடு கோடாகத் தெரியும். பாரமான மணல் தங்கும் இடம் அது; பாரமான மற்றவையும் அங்கேதான் தங்கும். அதற்குள் 30 சென்றிமீற்றரில் ஒரு கொயில் சுற்றுகிறேன். ஆழம் கூடும், மெல்லிய மோதிரத்தை விட்டுவிடும் என்கிறார்கள். மச்சாளுடையது தடிப்பு.

அவள் ஆவணியிலேயே வேறு மோதிரம் செய்து போட்டுக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை நான் கம்பி சுற்றுவதைப் பார்த்துவிட்டு, “அது கிடைச்சா உருக்கித் தோடு செய்யலாம் மச்சான், மறக்காம எடுத்துத் தாங்க” என்றாள்.