நெடுங்கேணிக் கிணற்றடியில் ஒரு மாசி விடியல்

புளியங்குளச் சந்தியில் இறங்கி, கிழக்கே பிரியும் வீதியால் நெடுங்கேணியிலுள்ள தமக்கையார் வீட்டைச் சென்றடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மாசிப் பனி மூசிப் பெய்யும் என்பார்கள். மறுநாள் விடியலில் நடுங்கியபடி கிணற்றடிக்குப் போன எனக்கு, முதல் வாளித் தண்ணீரே இதமான வெதுவெதுப்போடு வந்தது. அருகில் பல்துலக்கிக்கொண்டிருந்த மருமகன், "மாமா, இது பூமிக்குள்ள இருக்கிற சூடுதானே? இதில கரண்ட் எடுக்கேலாதோ?" என்று கேட்டான்.

கிணற்றுச் சூடு பெரும்பாலும் வெயில் மண்ணில் சேர்த்துவைத்த சூடு. அது ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. வெளியே பனி குளிர்வதால் நமக்கு வெதுவெதுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். உண்மையான புவிவெப்பத்தைத் தொட்டுணர வேண்டுமானால் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாவுக்குப் போக வேண்டும். முன்பொருமுறை அந்தியேட்டிக் கடனுக்காகச் சென்றபோது, அங்குள்ள ஏழு கிணறுகளிலும் அள்ளி வார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி மேலெழுவதால் உண்டாகும் ஊற்றுகள் அவை. ஆயினும் அவற்றின் வெப்பம் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ்தான். குளிக்கச் சுகம், மின்னுற்பத்திக்குப் போதாது.

இத்தாலியின் லார்தெரல்லோவில் 1904ஆம் ஆண்டு நிலத்தடி நீராவியைக் கொண்டு ஐந்து மின்குமிழ்களை எரியவைத்ததில் தொடங்கிய இத்தொழில், நெடுங்காலம் எரிமலை நாடுகளின் சொத்தாகவே இருந்தது. அந்த வேலி இப்போது தளர்ந்து வருகிறது. அலாஸ்காவின் சேனா வெந்நீரூற்றில், 74 பாகை மட்டுமேயுள்ள நீரின் சூட்டால் எளிதில் ஆவியாகும் வேறொரு திரவத்தைக் கொதிக்கவைத்து, 2006 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். வெந்நீரே இல்லாத சூடான பாறைக்குள்ளும், எண்ணெய்க் கிணறு தோண்டுவோரின் கிடையாகத் துளைக்கும் நுட்பத்தைக் கொண்டு நீரைச் செலுத்திச் சூட்டை வாங்க முடியும் என்பதை நெவாடாவில் 2023இல் செய்து காட்டினார்கள்.

மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் காற்று ஓய்ந்தால் அவையும் ஓயும். புவிவெப்பத்துக்கு இரவும் இல்லை, மாரியும் இல்லை. ஒல்காரியாவில் 1981இல் புவிவெப்ப மின்னுற்பத்தியைத் தொடங்கிய கென்யா, இன்று தன் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியை நிலத்தடியிலிருந்து பெறுவதைப் பார்க்கையில் எனக்குச் சற்றுப் பொறாமைதான்.

நெடுங்கேணிப் பக்கம் நிலம் பல கோடி ஆண்டுகளாக ஆறிக் கிடக்கும் பழம்பாறை. உலகில் பொதுவாகக் கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடும் என்றாலும், இத்தகைய பாறையில் அது இன்னும் குறையலாம். தாராளமாகக் கணக்கிட்டாலும் 100 பாகையை எட்ட இரண்டரைக் கிலோமீற்றர், அதாவது 8,000 அடிக்கு மேல் துளைக்க வேண்டும். இதை நான் திண்ணையில் விளக்கிக்கொண்டிருக்க, போன வருடம் 180 அடிக்குக் குழாய்க்கிணறு அடித்துக் கடனாளியான அத்தான் தேநீரைக் கீழே வைத்தார்.

"அடிக்கு எவ்வளவு கேட்பினம், தம்பி?"