சிசேரியன் தேதிக்கு முன்னால் அத்தைக்கு வந்த அக்கி

முதல் பிரசவம் அவசர சிசேரியனில் முடிந்தது. அதனால் இரண்டாவதைத் தேதி குறித்தே செய்துகொள்வது என்று டாக்டரும் நானும் பேசி முடிவெடுத்தோம். தென்னாப்பிரிக்காவில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் பெரும்பாலானவை சிசேரியன்தான். அதனால் டர்பனில் யாரும் இதற்குப் புருவம் உயர்த்த மாட்டார்கள். 39 வாரத்துக்கு முன்னால் தேதி கேட்டால் மட்டும் டாக்டர் கறாராகிவிடுவார். முன்கூட்டியே எடுத்தால் குழந்தைக்கு மூச்சுவிடுவதில் சிரமம் வரும் வாய்ப்பு அதிகமாம். 2024 ஜூலையில் ஒரு நாள் கிடைத்தது.

தேதி தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது என்றிருந்தேன். மூத்தவனுக்கு மூன்று வயது. அவனைப் பார்த்துக்கொள்ள அத்தை, அதாவது என் மாமியார், திருநெல்வேலியிலிருந்து 90 நாள் விசாவில் வந்திருந்தார். பிரசவத்துக்குப் பிறகு கூடுதல் நாட்கள் இருக்கும்படி கணக்குப் போட்டு டிக்கெட் எடுத்திருந்தோம். நான் மருத்துவமனையில் இருக்கும் மூன்று இரவும் வீட்டுக்காரர் என்னோடு, பையன் ஆச்சியோடு. அவ்வளவுதான் திட்டம். வந்த நாளிலிருந்தே அவன் ஆச்சி பக்கத்தில்தான் தூங்கினான்.

ஆபரேஷனுக்கு ஒன்றரை வாரம் இருக்கும்போது அத்தைக்கு வலது விலாவில் எரிச்சல். பையனைத் தூக்கியதில் சுளுக்கு என்று தைலம் தேய்த்தோம். அப்புறம் ஒருநாள் காலையில் குளித்துவிட்டு வந்து புடவைத் தலைப்பை விலக்கிக் காட்டினார். முதுகுத்தண்டிலிருந்து முன்பக்கம் வரை ஒரே பட்டையாகச் சிவப்பு, அதன் மேல் சின்னச் சின்னக் கொப்புளம்.

"அக்கிதாம்மா. ஊர்ல இருந்தா குயவர் வீட்ல போயி எழுதிட்டு வந்துருவேன்" என்றார். டர்பனில் நாங்கள் இருக்கும் ரிசர்வாயர் ஹில்ஸில் காவி குழைத்து அக்கி எழுத யாரைத் தேடுவது? ஜி.பி.யிடம், அதாவது பொது மருத்துவரிடம், கூட்டிப் போனோம்.

அவர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்புக்குள் பதுங்கிக் கிடந்து, வயதான காலத்தில் தலைதூக்குவதுதான் அக்கி. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கினால் நல்லது, எங்களுக்கு நேரம் இருந்தது. மாத்திரை எழுதி முடித்துவிட்டு என் வயிற்றையும் பையனையும் பார்த்தார். "உங்களுக்குச் சின்னம்மை வந்திருக்கிறதா? பையனுக்கு ஊசி போட்டீர்களா?"

அங்கேதான் சிக்கலே தொடங்கியது. அக்கி இன்னொருவருக்கு அக்கியாகத் தொற்றாது. ஆனால் அந்தக் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரை தாய்க்கு அம்மை கண்டால், பிறக்கிற குழந்தைக்கு அது மிக ஆபத்து. நான் அங்கேயே அம்மாவுக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டேன். "மூணாங்கிளாஸ் படிக்கிறப்போ வந்துச்சே, வேப்பிலைல படுக்க வெச்சு, தலைக்குத் தண்ணி ஊத்தினோமே" என்றார். ஜி.பி.க்கு அது போதவில்லை. எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று ரத்தம் எடுத்து அனுப்பினார். இருக்கிறது என்று முடிவு வந்தது. என்னிடமிருந்து குழந்தைக்கும் அது போகும் என்றார்.

பையனுக்குத்தான் ஊசி இல்லை. தென்னாப்பிரிக்க அரசுத் தடுப்பூசி அட்டவணையில் சின்னம்மை கிடையாது, இந்திய அரசு அட்டவணையிலும் கிடையாது. நாமாகக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியது. தொடர்பு ஏற்பட்ட மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் போட்டால் வராமல் தடுக்கவோ, வந்தாலும் லேசாக்கவோ வாய்ப்பு உண்டு என்றார். மறுநாளே மருந்துக்கடை கிளினிக்கில் போட்டோம். ஆனாலும் 21 நாள் காத்திருந்துதான் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காலண்டரில் எண்ணிப் பார்த்தால், ஆபரேஷன் தேதி அந்தக் கெடுவின் நடுவில் வந்து நின்றது.

கொப்புளங்களைத் துணியால் மூடி, கையைக் கழுவிக்கொண்டு வீட்டில் நடமாடலாம், எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டால் பயமில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். அத்தை கேட்கவில்லை. அம்மையோடு சம்பந்தப்பட்டது என்று காதில் விழுந்ததும் கடைசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வலி வேறு, இரவெல்லாம் தூக்கமில்லை. "வந்த சோலியப் பாக்காமப் படுத்துட்டேனே" என்று உள்ளிருந்து ஒரே புலம்பல்.

அடுத்தது பையன் போகும் கிரெச், அதாவது பகல்நேரக் குழந்தைகள் காப்பகம். விஷயத்தை மறைக்காமல் சொன்னோம். எட்டாம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை அனுப்ப வேண்டாம் என்றார்கள். நியாயம்தான், மற்ற பிள்ளைகளின் வீட்டிலும் வயிற்றுப்பிள்ளைக்காரி இருப்பாளே. ஆனால் ஆபரேஷன் நாளன்று பகல் பொழுதுக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டது.

வீட்டுக்காரரின் லீவு கதை தனி. அப்போது குழந்தை பிறந்தால் தகப்பனுக்குத் தொடர்ச்சியாகப் பத்து நாள் லீவு இருந்தது. 2020இல் அமலுக்கு வந்த சட்டம். பிறப்பதற்கு முந்தின வாரத்துக்கு அது உதவாது. குடும்பப் பொறுப்பு லீவு என்று வருடத்துக்கு மூன்று நாள் இருக்கிறது. அது சொந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் கிடைக்கும். பெற்ற தாய் நோயில் படுத்தால் கிடையாது, இறந்தால் உண்டு! இதைப் படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் வருடாந்தர லீவில் கை வைத்தோம். (2025 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம், பிரசவ லீவைத் தாயும் தகப்பனும் பகிர்ந்துகொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. எங்களுக்கு ஒரு வருடம் தாமதம்.)

என் அம்மாவை வரவழைக்க விசாவுக்கு நேரமில்லை. ஏஜென்சி ஆளை வைக்கலாம் என்றால், புது முகத்தோடு இவன் ராத்திரி தங்குவானா? அப்போதுதான் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்தார். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். ஆன்ட்டிக்குத் தமிழ் 'வா', 'சாப்பிடு', 'கண்ணா' அளவுக்குத்தான். ஆனால் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடமாகப் பாடுவார். ஆடி மாதம் அவர்கள் வீட்டில் கறி கிடையாது, மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுவார்கள். அந்தக் கூழைத்தான் கொண்டு வந்திருந்தார். அத்தைக்கு என்ன என்று கேட்டார், சொன்னேன். "எனக்குச் சின்னதிலேயே வந்து போயாச்சு. பிள்ளையை நான் பார்த்துக்கிறேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சாவி கேட்டார்.

பகலுக்கு ஆள் கிடைத்தது. எங்களை உண்மையில் படுத்தியது ராத்திரிதான். மருத்துவமனையில் எனக்கு நர்ஸ் உண்டு, வீட்டுக்காரர் கூடவே தங்க வேண்டியதில்லை. அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்துவிட்டு, இரவுக்கு வீடு திரும்புவது என்று மாற்றினோம். அதற்குப் பையன் அப்பாவிடம் தூங்கிப் பழக வேண்டுமே. முதல் ராத்திரி ஆச்சி அறைக் கதவை உதைத்தான். அத்தை கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து வடை திருடின காக்காய்க் கதையைச் சொல்ல, இந்தப் பக்கம் அப்பா மடியில் கிடந்து கேட்டான். நரி வடையைக் கவ்வுகிற இடத்தில் அவர் நிறுத்துவார், இவன் "லபக்!" என்று கத்த வேண்டும். அப்படியே தூங்கிப்போனான். ஆபரேஷன் வரைக்கும் தினமும் அதே கதை, அதே கதவு. இடத்தை மட்டும் வீட்டுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டில் பக்கம் நகர்த்திக்கொண்டு போனார்.

எனக்கு முன்கூட்டியே வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பேசிக்கொண்டோம். ஆன்ட்டிக்கு எந்த நேரமும் போன் போடலாம், அவர் வந்து படுத்துக்கொள்வார். நீல டம்ளரில்தான் பால், குளியலறை விளக்கு அணைக்கக் கூடாது, இருமினால் எந்த மருந்து எத்தனை மில்லி என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

ஆபரேஷன் அன்று விடியுமுன் ஆன்ட்டி வந்துவிட்டார். நடு இரவிலிருந்து எனக்குச் சாப்பாடு இல்லை. முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது, சீக்கிரமே அழுகைச் சத்தம். இரண்டாவதும் பையன். இதில் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை, முதல் தடவை பட்ட அவதியில் கால்வாசி கூட இல்லை.

வார்டு சிஸ்டரிடம் அக்கி விஷயத்தை முன்பே சொல்லியிருந்தோம். கெடு முடியும் வரை மூத்தவனை வார்டுக்குள் விட முடியாது என்று சொல்லிவிட்டார். தம்பியை அவன் முதலில் பார்த்தது வீடியோ காலில்தான். "இது எங்க வீட்டுக்கு வருமா?" என்று கேட்டான். குழந்தைகள் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நிறைமாதக் குழந்தை, தாய்க்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறது, தாராளமாக வீட்டுக்குப் போகலாம், பெரியவனுக்கு ஒரு கொப்புளம் தெரிந்தாலும் போன் செய்யுங்கள் என்றார். தினம் குளிப்பாட்டும்போது அவன் முதுகையும் வயிற்றையும் தடவிப் பார்ப்பதே வேலையாக இருந்தது. கொசு கடித்தாலும் நெஞ்சு பதைக்கும்.

ஆறு வாரத்துக்குக் கைக்குழந்தையை விடக் கனமான எதையும் தூக்காதே என்பது டாக்டர் உத்தரவு. பெரியவனோ "தூக்கு" என்று கை நீட்டுவான். ஆன்ட்டி ஒரு மணையைக் கொண்டு வந்து சோபா ஓரமாகப் போட்டார். நான் தையல் மேல் ஒரு தலையணை வைத்து உட்கார்ந்துகொள்ள, அவனே அதில் ஏறி என் பக்கத்தில் வந்து சாய்ந்துகொள்வான்.

பொருக்கு உதிர்ந்ததும் அத்தை வெளியே வந்தார். எரிச்சல் மட்டும் பல வாரம் விடவில்லை. பெரியவனுக்குக் கடைசி வரை ஒன்றும் வரவில்லை. ஊசி காப்பாற்றியதா, கிருமியே அவனிடம் போகவில்லையா, யாருக்குத் தெரியும். 30 நாளுக்குள் பிறப்பைப் பதிய ஹோம் அஃபேர்ஸ் என்கிற உள்துறை அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. சின்னவனைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போய் வரிசையில் நின்றோம். பெரியவனை அன்று முழுக்க அத்தைதான் பார்த்துக்கொண்டார்.