காலில் புண், கவட்டையில் நெறி

நோயியல் துறையில் நோயாளியின் முகத்தைவிட அவர் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுதான் எங்களுக்கு முதலில் வரும். ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. அறை மட்டும் விதிவிலக்கு. அங்கே நோயாளி நேரில் வந்து படுப்பார், பேசுவார். மெலனோமாவைப் பற்றி நான் கற்றதில் பாதி அந்த அறையில் கற்றதுதான்.

வெள்ளைத்தோல்காரர்களுக்கு அதிகம் வரும் இந்தத் தோல் புற்றுநோய் நம்மிடையே அரிது. வந்தாலும் உள்ளங்கால், குதிகால், நகத்தடி என வெயில் படாத இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. அதனால் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. கால் ஆணி என்று சீவிவிடுவார்கள், செருப்புக் கடித்தது என்று மஞ்சள் பத்துப் போடுவார்கள். மாதங்கள் ஓடிவிடும். கவட்டையில் கட்டி தென்பட்ட பிறகுதான் எங்கள் அறைக்கு வருவார்கள்.

"அது கால் புண்ணுக்குக் கட்டுன நெறி தாயி, தானா அமுங்கிரும்" என்றார் வயலில் வேலை செய்யும் ஒரு பெரியவர். அவர் சொன்னதில் தப்பில்லை. முள் தைத்தாலே நெறி கட்டும். ஆனால் நான் உறிஞ்சியெடுத்தது கரிய குழம்பாக ஊசிக்குள் ஏறியது. ஸ்லைடில் தடவும்போதே மெலனோமா என்று தெரிந்துவிட்டது.

மெலனோமாவில் நோய் எப்படிப் போகும் என்று கணிக்க முதலில் பார்ப்பது அது தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதை. 1970இல் அமெரிக்க நோயியல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ காட்டிய அளவு அது. நெறி கட்டும் இடமான நிணநீர்க்கணுவில் நோய் ஏறிவிட்டாலோ கணுவின் கணக்கு முன்னுக்கு வந்துவிடுகிறது. எத்தனை கணுக்களில், விரலுக்கோ ஸ்கேனுக்கோ தட்டுப்பட்டதா, மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரிந்ததா? புற்றுநோயின் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் குழுவான ஏ.ஜே.சி.சி.யின் எட்டாம் பதிப்பின்படி, தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் போகாதவரை, பக்கத்துக் கணுவில் பரவியதெல்லாம் மூன்றாம் நிலைதான். ஆனால் அதற்குள்ளேயே 3ஏ பிரிவில் 100 பேரில் 93 பேர் ஐந்தாண்டுக்குள் இந்த நோயால் இறப்பதில்லை. 3டி பிரிவில் அது 32 பேர்தான். ஒரே நிலை என்ற பெயருக்குள் இவ்வளவு தூரம்.

விரலுக்குத் தட்டுப்படும் முன்பே கணுவைப் பார்க்க வழி காட்டியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் டொனால்ட் மார்ட்டன். புண்ணைச் சுற்றி நீலச்சாயம் செலுத்தினால் அது முதலில் போய்ச் சேரும் கணுவே சென்டினல் கணு என்று 1992இல் எழுதினார். கூடவே டெக்னீசியம் கதிரியக்கப் பொருளும் இப்போது சேர்ந்துகொண்டது.

அந்தக் கணு ஃபார்மலினில் எங்களிடம் வரும்போது அவசரம் கூடாது. மார்பகப் புற்றுநோயில் செய்வதுபோல அறுவை மேசையில் நோயாளி காத்திருக்க உறையவைத்து வெட்டிச் சொல்லும் முறை இங்கே உகந்ததல்ல. அதில் திசு வீணாகும், சின்னப் பரவல் தப்பிவிடும். கணுவை மெல்லிய துண்டுகளாக்கி, மெழுகு பிளாக்கின் பல ஆழங்களில் வெட்டி, மெலனோமா செல்களை அடையாளம் காட்டும் எஸ்-100, சாக்ஸ்-10, மெலன்-ஏ, எச்.எம்.பி-45 சாயங்கள் போட வேண்டும். எஸ்-100 கணுவில் இயல்பாக உள்ள, நோய் எதிர்ப்புக்கான டென்ட்ரிடிக் செல்களையும் பிடிக்கும். கணுவின் உறையில் தீங்கில்லாத மச்சச் செல்கள் ஒதுங்கியிருக்கலாம்; எச்.எம்.பி-45 பெரும்பாலும் அவற்றில் ஏறாது. நிறமியை விழுங்கிய சாதாரண செல்களும் கறுத்துத்தான் தெரியும். இவற்றைப் பிரித்தறிந்த பிறகு பரவலின் விட்டத்தை அளக்கிறேன். 0.1 மி.மீ.க்குக் கீழா, 1 மி.மீ.க்கு மேலா என்பதே ஒருவரின் அடுத்த சிகிச்சையை மாற்றிவிடக்கூடும்.

சென்டினல் கணுவில் நோய் தெரிந்தால் மிச்ச கணுக்களையும் மொத்தமாக எடுப்பதுதான் முன்பு வழக்கம். 1,900க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்து 2017இல் வெளியான ஆய்வு, அப்படி எடுத்ததால் ஆயுள் கூடவில்லை என்று காட்டியது. எடுத்தவர்களில் 24 சதவீதம் பேருக்குக் கை கால் வீக்கம். எடுக்காமல் கவனித்து வந்தவர்களில் 6 சதவீதம். எனக்கு இது பெரிய ஆறுதல். வயலில் நிற்க வேண்டியவருக்கு வீங்கிய கால் இன்னொரு நோய்.

அந்தப் பெரியவரின் மகன் ரிப்போர்ட் வாங்க வந்தபோது, "எத்தனை வருசம் மேடம்?" என்று கேட்டார். மேலே சொன்ன சதவீதங்களை நான் சொல்லவில்லை. அவை பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய, ஆஸ்திரேலிய நோயாளிகளின் கணக்கு. உள்ளங்கால் மெலனோமா அதில் கொஞ்சம்தான், அதன் போக்கும் பொதுவாக இன்னும் கடுமை. கட்டி கணுவுக்குப் போயிருக்கிறது, நுரையீரல், கல்லீரல் ஸ்கேன் பார்த்தபின் புற்றுநோய் மருத்துவர் சொல்வார் என்றேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி என்ற பேச்சு வரும், அதன் விலை அந்தக் குடும்பத்தை மிரட்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது உள்ளங்கால் பயாப்சியில் மெலனோமா உறுதியானால், ரிப்போர்ட் டைப் ஆகும் முன்பே அறுவை மருத்துவருக்குப் போன் செய்துவிடுகிறேன். குதிகாலை அகலமாக வெட்டித் தோல் ஒட்டுவதற்கு முன் கவட்டையைத் தொட்டுப் பாருங்கள். தட்டுப்பட்டால் என்னிடம் ஊசிக்கு அனுப்புங்கள். தட்டுப்படாவிட்டால், புண்ணின் தடிமனைப் பார்த்து, சென்டினல் கணு எடுக்க வசதியுள்ள இடத்துக்கு அனுப்புங்கள். முதலில் வெட்டிவிட்டால் நிணநீர் போகும் தடம் மாறிவிடலாம், பிறகு சாயம் காட்டும் கணுவை முழுக்க நம்ப முடியாது.