மேற்குப் பக்க யன்னல்

ஜனவரி 9

அப்பாவின் அறை யன்னலில் இன்றும் தண்ணீர். கண்ணாடியின் கீழ் ஓரம் விரல் தடிப்புக்கு உறைந்திருந்தது. இரண்டு துவாய் நனைந்தன. வெளியே மைனஸ் 17.

ஜனவரி 10

ஊதுபத்தி கொளுத்தி யன்னல் ஓரமெல்லாம் பிடித்துப் பார்த்தேன். மற்ற இடங்களில் புகை நேராக மேலே போனது. இரண்டு கதவும் சந்திக்கிற நடுச்சட்டத்தில் மட்டும் மடிந்து அறைக்குள் சாய்ந்தது. காற்று வருவது அங்கேதான். சட்டத்தோடு இருக்க வேண்டிய தும்புப் பட்டி தேய்ந்து மொட்டையாகிவிட்டது. கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பரிடம் சொன்னேன், ஏப்ரலில் பார்க்கலாமாம். அப்பா 15ஆம் திகதி ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்.

ரொறன்ரோ நகரசபைச் சட்டப்படி வாடகை வீட்டுக்குள் 21 பாகை இருக்க வேண்டும். அறை நடுவில் 21 இருக்கிறதுதான். அவருடைய தலையணை இருக்கிற இடத்தில் 16.

ஜனவரி 11

கனடியன் ரயர் கடையில் யன்னலுக்கு ஒட்டுகிற பிளாஸ்ரிக் வாங்கினேன். சுற்றிவர ரேப் ஒட்டி, பிளாஸ்ரிக்கை விரித்து, தலை காயவைக்கிற ட்ரையரால் சூடு காட்டினால் சுருக்கம் போய் மேளத்தோல் மாதிரி இழுபடும். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. ஒட்டிவிட்டால் பங்குனி வரை யன்னலைத் திறக்க முடியாது.

"யன்னலைப் பூட்டிப்போடாதை பிள்ளை" என்று நேற்றும் போனில் சொன்னார்.

ஜனவரி 12

"102 பஸ் ஓடுதோ பிள்ளை?" என்று கேட்டார். ஓடுது அப்பா.

ஜனவரி 13

எங்கள் யன்னலில் உள்ளே இரண்டு, வெளியே இரண்டு என்று நான்கு கண்ணாடி. எதில் தண்ணீர் படிகிறது என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது பார்த்தேனா? இன்று தொட்டுப் பார்த்தேன். இரண்டு வரிசையிலும். உள் கண்ணாடி நனைந்தால் வீட்டுக்குள் ஈரம் கூட. வெளிக் கண்ணாடியின் உட்பக்கம் நனைந்தால் உள் கதவு சரியாகப் பொருந்தவில்லை, வீட்டுச் சூட்டுக்காற்று இடுக்கால் போய் அங்கே படிகிறது. எங்களுக்கு இரண்டு வருத்தமும்.

ஈரப்பதன் காட்டுகிற சின்னக் கருவி ஒன்று வாங்கி வைத்தேன். 52. இந்தக் குளிருக்கு 30 அளவில் இருக்க வேண்டும். 21 பாகை அறையில் 50 வீதம் என்றால், 10 பாகைக்குக் கீழே போன எந்த இடத்திலும் தண்ணீர் படியும். 30 வீதம் என்றால் கண்ணாடி 3 பாகைக்கு இறங்கினால்தான் படியும். இவ்வளவு ஈரத்தையும் சேர்த்தது நான்தான். சோறு, இடியப்பம் அவிக்கிற ஆவி, பிறகு அப்பாவின் அறையிலேயே கொடியில் காயப்போட்ட உடுப்புகள். ஒரு தரம் தோய்த்த உடுப்பிலிருந்து இரண்டு லீற்றர் தண்ணீராவது காற்றுக்குள் போகும். அறை சும்மா கிடக்கிறது என்று நினைத்துத்தான் அங்கே கொடி கட்டினேன். இப்போது கொடி குளியலறையில், ஃபான் ஓடுகிறது.

சட்டத்தின் வெளிப்பக்கம் தண்ணீர் வடிய இரண்டு சின்ன ஓட்டை இருக்கிறது. தம்பி அதையும் ரேப்பால் அடைக்கப் போனான். விடவில்லை.

ஜனவரி 14

குளிர் வராதென்று நேற்றிரவு தடித்த திரைச்சீலையை இழுத்து மூடினேன். காலையில் இதுவரை காணாத அளவு பனிக்கட்டி. யன்னலுக்குக் கீழேதான் ஹீற்றர். திரை யன்னல் படியில் முட்டிக் கிடந்ததால் சூடு முழுக்க அறைப்பக்கம் போய்விட்டது, கண்ணாடிக்குப் போகவே இல்லை. திரையின் கீழ்ப்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தித் தைத்தேன்.

கட்டிலை இழுத்தபோது பின்சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சணம். அவருடைய தலைமாட்டில். எத்தனை இரவு இதைச் சுவாசித்தார்? சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்துக் காயவைத்தேன். இரவு சாப்பிட மனம் வரவில்லை.

ஜனவரி 15

அப்பாவை வீட்டுக்கு விடவில்லை. திரும்பக் காய்ச்சலாம்.

ஜனவரி 16

ஈரப்பதன் 38. தொண்டை காயும், வீட்டில் ஹியூமிடிஃபயர் வையுங்கள் என்கிறார் தாதி. வைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் 46, கண்ணாடி வேர்க்கிறது. தொண்டைக்கு ஈரம் வேண்டும், சுவருக்கு ஈரம் ஆகாது. பகலில் கதவுப் பக்கமாக வைத்து இரவில் நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். சரியா தெரியவில்லை. டொக்டரிடம் கேட்க வேண்டும்.

ஜனவரி 17

பிளாஸ்ரிக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். களிமண் மாதிரி மெத்தென்ற ஒரு கயிறு விற்கிறார்கள், இடுக்கில் விரலால் அமத்தி விட்டால் போதும். வேண்டாமென்றால் ஒரே இழுவையில் உரிந்து வரும். நடுச்சட்டம் முழுக்க வைத்தேன். ஊதுபத்திப் புகை இப்போது அங்கேயும் நேராகப் போகிறது. மூன்று தரம் பார்த்தேன்.

அப்பாவுக்குத் திறக்க வேண்டும் போல் இருந்தால் நான் உரித்துக் கொடுப்பேன்.

ஜனவரி 18

கட்டிலை யன்னலிலிருந்து இரண்டு அடி தள்ளிப் போட்டேன். படுத்துப் பார்த்தேன். மார்க்கம் வீதி தெரியவில்லை, 102 தெரியவில்லை, வானம் மட்டும். திரும்ப இழுத்துப் போட்டேன். ஒரு அடி மட்டும் விட்டிருக்கிறேன்.

ஜனவரி 19

31. கண்ணாடி காய்ந்திருக்கிறது. பத்து மணிக்கு டொக்டர் பேசுவதாகச் சொன்னார். இப்போது பத்தே கால்.