கோணேசர் கோயில் வழியில் ஒரு சங்கு நூதனசாலை

திருகோணமலைக்கு வருகிறவர்கள் பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் கோயிலைப் பார்த்து விறுவிறுவென்று நடப்பார்கள். வழியோரக் கடைகளைத் திரும்பி வரும்போது பார்க்கலாம் என்பது எல்லாருடைய கணக்கு. திரும்பும்போது வெயில் ஏறிவிடும், கையைப் பிடித்து வரும் பிள்ளை சிணுங்கத் தொடங்கிவிடும். போகும்போதே நில்லுங்கள் என்பது என் கட்சி. கோட்டை வாசல் கல்லில் இருக்கும் இரட்டை மீனையும் உடைந்த தமிழ்க் கல்வெட்டையும்கூட அந்த அவசரத்தில்தான் தவறவிடுகிறோம்.

நான் நின்ற கடை தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. முன்பாதியில் வழக்கமான சாமான்கள்: சோழி மாலை, சாவிக்கொத்து, பனையோலைப் பெட்டி, பிளாஸ்டிக் துவக்கு. பின்பாதியில் ஒரு பழைய கண்ணாடி அலுமாரி. அதில் உள்ள எதுவும் விற்பனைக்கில்லை. யானைமுள்ளி, ஐவிரல் சங்கு, பால் சங்கு என்று ஒவ்வொன்றின் கீழும் கையால் எழுதிய சிறு துண்டு. நடுவே, ஏனென்று தெரியாமல், ஒரு குண்டுச் சோடாப் போத்தல். அதுவும் கடலில் கிடைத்ததாம்.

"பூட்டில்லைப் பிள்ளை, எடுத்துப் பாருங்கோ" என்றார் கடைக்கார ஐயா.

பெரிய நூதனசாலைகளில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே பழகிவிட்ட எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஒரு சங்கைக் கையில் தந்து, அதன் வாய்க்குள் விரலை விடச் சொன்னார். உள்ளே நடுத்தண்டில் மூன்று நான்கு வரம்புகள் வரிசையாகத் தட்டுப்பட்டன. அடுத்து, வலம்புரி என்று யாரோ ஏமாந்து வாங்கியதாக இன்னொன்று. உள்ளே வழவழவென்று இருந்தது, ஒரு வரம்பும் இல்லை. அது அமெரிக்கக் கரையோரத்தில் கிடைக்கும் வேறு இனம். இயல்பிலேயே எதிர்ப்பக்கமாகச் சுருளும். நம் கடல் சங்கில் அப்படிச் சுருள்வது அபூர்வத்திலும் அபூர்வம். அதனால்தான் வலம்புரிக்கு அந்த விலை, அதனால்தான் இந்த ஏமாற்றும். பூசையறைக்கு வலம்புரி வாங்க நினைப்பவர்கள் முதலில் விரலை விட்டுப் பாருங்கள்.

சங்கு குளிப்பவர்களைப் பற்றியும் நிறையச் சொன்னார். நம் கடலில் மூழ்கி எடுத்த சங்கு கப்பலேறி வங்காளத்துக்குப் போய், அங்கே கலியாணமான பெண்களின் கையில் வளையலாகிறது. பேச்சு அப்படியே, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடிவாரத்துக் கடலுக்குப் போனது. 1956இல் சுழியோடி மைக் வில்சனும் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அங்கே மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள். அதை அவர் சொன்னபோது அலுமாரியைப் பார்க்கவில்லை, கடலைத்தான் பார்த்தார்.

அந்த அலுமாரியில் பவளம் இல்லை, ஆமை ஓடும் இல்லை. இரண்டையும் விற்பது சட்டப்படி குற்றம். கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறாராம். எனக்கு அவர்மீது மரியாதை கூடியது அந்த இடத்தில்தான். வேறெங்காவது யாராவது இரகசியமாக நீட்டினாலும் தயவுசெய்து வாங்காதீர்கள்.

நான் ஒரு பனையோலைப் பெட்டி வாங்கினேன். பின்னல் நெருக்கம், விளிம்பில் சிவப்புச் சாயம். அப்புறம் கோயிலுக்கு ஏறினேன். நீங்கள் போவதென்றால் காலையிலேயே போங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், கடையில் எப்படியும் நேரம் போய்விடும்.